கழற்றி மாட்டினால் சரியாகிவிடும் கோளாறு

ஒரகடம் பக்கம், ஒரு மே மாத மதியம். எங்கள் சோதனை எலக்ட்ரிக் கார் மேம்பாலத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் அண்ணா ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்திருந்தார். எலக்ட்ரிக் காரில் அப்படிக் காலை எடுத்தாலே மோட்டார் ஜெனரேட்டராக மாறும். வண்டியின் ஓட்டத்தை மின்சாரமாக்கிப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும், வண்டியையும் இழுத்துப் பிடிக்கும். ரீஜென் என்போம். பாலத்தின் இணைப்பில் சக்கரம் தடதடத்ததும் அந்தப் பிடி சட்டென்று விட்டுப்போனது. அவர் பிரேக்கை மிதித்தார், வண்டி நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஷெட்டுக்குத் திரும்பி வந்து அவர் சொன்னது மட்டும் இன்னும் காதில் இருக்கிறது. "மேடம், கையைப் பிடிச்சுக்கிட்டு கூட நடந்த ஆளு திடீர்னு கையை விட்ட மாதிரி இருந்துச்சு."

லேப்டாப்பை மாட்டிப் பதிவைப் பார்த்தேன். பேட்டரி வெப்பநிலை 41 டிகிரி. அடுத்த வரியில் மைனஸ் 2. அதற்கடுத்து மறுபடி 41. வெளியே தார் இளகும் வெயில். உள்ளே பேட்டரியைக் கவனித்துக்கொள்ளும் சின்னக் கணினியான கன்ட்ரோலரோ ஒரு நொடிக்குப் பேட்டரி உறைபனியில் கிடக்கிறது என்று நம்பியிருக்கிறது.

நம்பிய பிறகு அது செய்தது சரியான காரியம்தான். லித்தியம் பேட்டரியைச் சுழியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால், லித்தியம் அயனிகள் செல்லுக்குள் இருக்கும் கிராஃபைட் மின்முனைக்குள் நுழைய முடியாமல் அதன் மேற்பரப்பில் உலோகமாகவே படியத் தொடங்கும். செல்லின் ஆயுள் குறையும், மோசமானால் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகும். ரீஜெனும் ஒரு வகை சார்ஜிங்தானே. ஆகவே 'குளிர் அதிகம், சார்ஜ் கூடாது' என்று கன்ட்ரோலர் கதவை மூடிவிட்டது. அந்தக் கட்டுப்பாட்டு நிரலில் பாதி என் கையால் எழுதியது. ஒவ்வொரு வரியும் எழுதியபடியே ஓடியிருந்தது.

நான் இந்தத் துறைக்கு வந்து பதினொரு வருஷம். முதலில் என்ஜின் கன்ட்ரோல் யூனிட், பிறகு பேட்டரி மேலாண்மை. இத்தனை வருஷத்தில் வேறு எந்தக் கோளாறும் இந்த ஒன்றைப் போல எனக்குப் பாடம் நடத்தியதில்லை. நாளைய கார்கள் என்றால் கேமரா, ரேடார், செயற்கை நுண்ணறிவு என்றே பேசுகிறோம். பேச வேண்டியதுதான், எனக்கும் அதில் ஆசை உண்டு. அந்தப் புத்திசாலித்தனம் எல்லாம் கடைசியில் ஒரு சின்ன உலோக நாக்கின் வழியாகத்தான் உள்ளே வருகிறது என்பதை யாராவது கல்லூரியிலேயே எனக்குச் சொல்லியிருக்கலாம்.

முதல் வாரம் நான் மென்பொருளைச் சந்தேகித்தேன். சென்சாரிலிருந்து வரும் 10 அளவீடுகளின் சராசரியைத்தான் அப்போது எடுத்துக்கொண்டிருந்தோம். அதை 40 ஆக்கினேன். கன்ட்ரோலருக்குள் ஓடும் அந்த மென்பொருளை, அதாவது ஃபர்ம்வேரை, புதிதாக ஏற்றினோம், ஓட்டினோம். கோளாறு வரவில்லை. நான்கு நாள் வரவில்லை. வாராந்திர மீட்டிங்கில் எழுந்து நின்று, சரிசெய்துவிட்டோம் என்று சொன்னேன். ஐந்தாம் நாள் காலை அது திரும்பி வந்தது.

இரண்டாம் வாரம் மின்காந்த இடையூறு மேல் சந்தேகம். மோட்டாரை ஓட்டும் இன்வெர்ட்டர் நொடிக்குப் பல ஆயிரம் முறை நூற்றுக்கணக்கான வோல்ட்டைத் திறந்து மூடுகிறது. அதன் இரைச்சல் பக்கத்து வயரில் ஏறுவது எங்கள் தொழிலில் அன்றாடச் சங்கதி. சென்சார் வயருக்கு இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை, அதாவது ஷீல்டு, போட்டோம், எர்த் இடத்தை மாற்றினோம். ஆறு நாள் ஒரு தொல்லையும் இல்லை. எல்லோரும் நிம்மதியாக மூச்சு விட்டோம். ஏழாம் நாள் மறுபடி மைனஸ்.

மூன்றாம் வாரம் கன்ட்ரோலரின் சர்க்யூட் போர்டையே மாற்றினோம். அதற்கும் நான்கு நாள்தான் ஆயுள்.

எங்கள் ஷெட்டில் ஹார்னஸ், அதாவது வண்டியின் வயர்க் கட்டு, வேலை பார்க்கும் ஒரு அண்ணா இருந்தார். ஐடிஐ படித்தவர், முப்பது வருஷம் வயரிங்கிலேயே ஊறியவர். எங்கள் குழு அவரிடம் வயரை வெட்டச் சொல்லும், ஒட்டச் சொல்லும், கருத்து மட்டும் கேட்காது. நானும் கேட்டதில்லை. அதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. அன்றைக்கு அவரே வந்து என் மேஜை பக்கத்தில் நின்றார்.

"ஏம்மா, இது எப்பெப்போ சரியாச்சு?"

தேதிகளைச் சொன்னேன்.

"அன்னிக்கெல்லாம் என்ன செஞ்சீங்க?"

சுவரில் இருந்த வெள்ளைப் பலகையில் எழுதினேன். ஒரு நாள் ஃபர்ம்வேர், ஒரு நாள் ஷீல்டு, ஒரு நாள் போர்டு. எழுதி முடித்ததும் அவர் கேட்டார். "இதெல்லாம் செய்யறதுக்கு முன்னாடி என்ன செஞ்சீங்க?"

அப்போதுதான் உறைத்தது. அந்த முன்மாதிரியில் ஃபர்ம்வேர் ஏற்றக்கூடப் பெட்டியைத் திறந்து போர்டை வெளியே எடுக்க வேண்டும். ஷீல்டு போடவும் அப்படித்தான். மூன்று முறையும் முதலில் செய்த காரியம் ஒன்றே: வெப்பநிலை சென்சாரின் வயரைப் போர்டோடு இணைக்கும் கனெக்டரைக் கழற்றினோம். கடைசியில் செய்ததும் ஒன்றே: திரும்ப மாட்டினோம்.

"மறுபடி வந்தா யாரும் அதுமேல கை வெக்காதீங்க. என்னைக் கூப்பிடுங்க" என்றார்.

இரண்டே நாளில் வந்தது. உயர் மின்னழுத்தத்தைத் துண்டித்து, சர்வீஸ் பிளக்கை எடுத்து, ரப்பர் கையுறையோடு மூடியைத் திறந்தோம். கன்ட்ரோலருக்கு 12 வோல்ட் மட்டும் கொடுத்தோம். கனெக்டரின் பின்பக்கம், வயர் நுழையும் இடத்தில், மெல்லிய ஊசியை உள்ளே இருக்கும் உலோக முனையை, அதாவது டெர்மினலை, தொடும் வரை நுழைத்தார். முன்பக்கத்தைத் தொடவே இல்லை. வோல்ட் மாறுவதைத் திரையில் கோடாகக் காட்டும் ஆஸிலோஸ்கோப்பை ஊசியில் மாட்டினேன். 1.8 வோல்ட், நேர்கோடு. அவர் ஒரு கேபிள் டையின் நுனியால் வயரை லேசாக, தூங்கும் குழந்தையின் முடியை ஒதுக்குவது போலத் தள்ளினார். கோடு குதித்து 5 வோல்ட்டுக்குப் போய் நடுங்கிவிட்டு இறங்கியது. மறுபடி தள்ளினார். மறுபடி 5.

படம் எடுத்துக்கொண்ட பிறகுதான் கனெக்டரைக் கழற்றினோம். பூதக்கண்ணாடியில் டெர்மினலின் நாக்கில் ஒரு கரும்பழுப்புப் புள்ளி. கடுகில் பாதி இருக்கும். மூன்று வாரம் எங்கள் பன்னிரண்டு பேரை ஆட்டிவைத்தது அதுதான்.

இதற்கு ஃப்ரெட்டிங் அரிப்பு என்று பெயர். கனெக்டரின் ஆண், பெண் டெர்மினல்கள் இரண்டுக்கும் வெள்ளீயப் பூச்சு. வண்டி அதிரும்போது அவை ஒன்றோடொன்று தலைமுடி அகலத்துக்கும் குறைவான தூரம் முன்னும் பின்னும் உரசும். ஒவ்வொரு உரசலிலும் பூச்சு கொஞ்சம் தேய்ந்து, வெளிப்பட்ட புது உலோகம் காற்றுபட்டு ஆக்ஸைடு ஆகும். அந்த ஆக்ஸைடுத் துகள் வெளியேற இடமில்லாமல் தொடும் புள்ளியிலேயே சேரும். பல ஆயிரம் முறை நடந்தால் உலோகத்துக்கும் உலோகத்துக்கும் நடுவே மின்சாரம் கடத்தாத ஒரு படலம் உருவாகிவிடும். ஹெட்லைட் மாதிரி நிறைய கரண்ட் ஓடும் வயராக இருந்தால் அந்தப் படலத்தை ஓரளவு உடைத்துக்கொண்டு போய்விடும். சென்சார் வயரில் ஓடுவது அரை மில்லி ஆம்பியருக்கும் குறைவு, அதற்கு உடைக்கும் தெம்பு கிடையாது.

கழற்றி மாட்டும்போது என்ன நடக்கிறது? நாக்கு முழு நீளமும் உரசிக்கொண்டு போய், படிந்ததைத் துடைத்துவிடுகிறது. சில நாள் தொடர்பு பளபளவென்று நன்றாக இருக்கும், பிறகு மறுபடி படியும். கோளாறைத் தேடப் போகிறவர் முதலில் செய்யும் காரியமே கோளாறின் தடயத்தை அழித்துவிடுகிறது. வீட்டில் டிவி ரிமோட்டின் பேட்டரியை உருட்டிவிட்டால் வேலை செய்வதும் ஏறக்குறைய இதே கதைதான்.

என்னை உலுக்கியது இதற்குப் பிறகுதான். வயர் விட்டுப்போனால் அதைக் கண்டுபிடிக்க எங்கள் நிரலில் ஏற்பாடு இருந்தது. 4.9 வோல்ட்டைத் தாண்டினால் 'சென்சார் துண்டிப்பு' என்று கோளாறு எண் பதிவாக வேண்டும். ஏன் ஒரு முறைகூடப் பதிவாகவில்லை?

கணக்குப் போட்டுப் பார்த்தேன். அது சூடானால் மின்தடை குறையும் ரகச் சென்சார். 25 டிகிரியில் 10 கிலோ ஓம், 40 டிகிரியில் 6 கிலோ ஓமுக்குச் சற்றுக் குறைவு, சுழியத்தில் 27 கிலோ ஓம் அளவு. சுற்றில் அது 40 டிகிரிக்கு ஏறக்குறைய 1.8 வோல்ட்டாக வரும். தொடர்பு அறுந்தால் 5 வோல்ட். பாலத்தின் இணைப்பில் வண்டி தடதடத்த அந்த அரை நொடியில் எடுத்த 10 அளவீட்டில் 6 அறுந்த நிலையிலும் 4 நல்ல நிலையிலும் விழுந்தால் சராசரி 3.7 வோல்ட். அந்த வோல்ட்டுக்கு அட்டவணை காட்டும் வெப்பநிலை மைனஸ் 2. துண்டிப்பு எல்லையான 4.9க்குப் பக்கத்தில்கூடப் போகாது.

பார்த்தால் உடனே பிடிபடக்கூடிய ஒரு பொய்யை, என் சராசரி உண்மை போலத் தோன்றும் ஒரு எண்ணாக மாற்றிக் கொடுத்திருக்கிறது. முதல் வாரத்தில் 10ஐ 40 ஆக்கினேனே, அது இதை இன்னும் மறைத்திருக்கிறது. துண்டிப்புச் சோதனையைச் சராசரி எடுப்பதற்கு முன்னால் வைத்திருக்க வேண்டும், நான் பின்னால் வைத்திருந்தேன். இப்போது எந்த நிரலைப் படித்தாலும் என் கண் முதலில் தேடுவது அந்த வரிசையைத்தான்: மூல அளவீட்டை முதலில் விசாரித்துவிட்டு, பிறகு சராசரி எடுக்கிறதா?

இன்னொன்றும் இருக்கிறது. அந்தப் பேட்டரியின் எடை சுமார் 200 கிலோ. ஒரு கிலோ செல்லை ஒரு டிகிரி குளிர்விக்க, தோராயமாக 1000 ஜூல் வெப்பத்தை வெளியே எடுக்க வேண்டும். 40 டிகிரி இறங்க 80 லட்சம் ஜூல். அது ஒரே நொடியில் நடக்க வேண்டுமானால் 8 மெகாவாட் குளிரூட்டி வேண்டும். உலகத்தில் எந்தக் காரிலும் அப்படி ஒன்று இல்லை. பள்ளிக்கூட இயற்பியலில் இரண்டு வரி. அதை நிரலில் எழுதியிருந்தால், 'இது நடக்கவே முடியாது, சென்சார்தான் தவறு' என்று கன்ட்ரோலர் தானே சொல்லியிருக்கும். 96 செல்லுக்கு இடையிடையே எட்டுச் சென்சார் இருந்தன. மற்ற ஏழும் 41 என்று சொல்லிக்கொண்டிருந்தன. ஏதாவது ஒன்று குளிர் என்றால் போதும், தடுத்துவிட வேண்டும் என்று எழுதியது நாங்கள். பாதுகாப்புக்காகத்தான் எழுதினோம், அதனாலேயே ஏழு பேர் சொல்லை விட்டு ஒருவர் சொல்லை எடுத்துக்கொண்டோம்.

இப்போதைய கார்களில் பெரும்பாலும் ஆக்சிலரேட்டர் மிதியில் ஒரே சென்சார் இருக்காது, இரண்டு இருக்கும். இரண்டின் வோல்ட்டேஜும் வேறு வேறு, பெரும்பாலும் ஒன்று மற்றதில் பாதி. இரண்டும் தப்பித்தவறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால்கூட, இரண்டும் ஒரே எண்ணைக் காட்டுவதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். ஒத்துப்போகாவிட்டால் கன்ட்ரோலர் வண்டியை மெதுவான நிலைக்குக் கொண்டுபோகும். எங்கள் துறையில் எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்பு இது. எத்தனையோ கோடிப் பேர் தினமும் மிதிக்கிறார்கள், ஒருவருக்கும் தெரியாது.

ஆனால் இரண்டு சாட்சி இருந்தால், யாரோ ஒருவர் பொய் சொல்கிறார் என்பது வரைதான் தெரியும். யார் என்று தெரியாது. மிதிக்கு அது போதும், வேகத்தைக் குறைத்தால் ஆபத்து தீர்ந்தது. ஸ்டீயரிங்குக்குப் போதாது, வளைவில் திரும்பிக்கொண்டிருக்கும் காரிடம் 'எனக்குச் சந்தேகம், நிறுத்திக்கொள்கிறேன்' என்று கன்ட்ரோலர் சொல்ல முடியாது. 2013இல் வந்த இன்ஃபினிட்டி க்யூ50 காரின் சில ரகங்களில் ஸ்டீயரிங் சக்கரத்துக்கும் டயருக்கும் இடையே சாதாரண ஓட்டத்தில் இயந்திரத் தொடர்பு கிடையாது, மின் சமிக்ஞைதான். அதற்கு மூன்று கன்ட்ரோலர் வைத்தார்கள். மூன்றும் கைவிட்டாலும் இருக்கட்டும் என்று, பழைய மாதிரி தண்டை இணைக்க ஒரு கிளட்சையும் விட்டுவைத்தார்கள். அந்தத் தண்டே இல்லாத கார்களும் இப்போது வரத் தொடங்கிவிட்டன. அவற்றில் அந்தக் கிளட்சின் இடத்தை நிரப்புவது கூடுதல் சென்சார், கூடுதல் கன்ட்ரோலர், தனித்தனி மின்வழிகள். அதாவது இன்னும் நிறைய கனெக்டர்.

ஐஎஸ்ஓ 26262 என்று கார் மின்னணுவின் பாதுகாப்புக்கு ஒரு தர நூல் உண்டு. 2011இல் முதலில் வந்தது, 2018இல் திருத்திய பதிப்பு. ஒவ்வொரு ஆபத்துக்கும் அது மூன்று கேள்வி கேட்கச் சொல்கிறது: நடந்தால் காயம் எவ்வளவு, அந்தச் சூழல் எவ்வளவு அடிக்கடி வரும், ஓட்டுநரால் சமாளிக்க முடியுமா. பதிலைப் பொறுத்து ஏ முதல் டி வரை கண்டிப்பு கூடும். நாங்கள் ரீஜென் நின்றுபோவதை லேசான ஆபத்தாகத்தான் மதிப்பிட்டிருந்தோம், பிரேக் தனியாக இருக்கிறதே என்று. காகிதத்தில் அது சரிதான். ஆனால் 'ஓட்டுநரால் சமாளிக்க முடியும்' என்ற அந்தக் கட்டத்தில் டிக் போட்டபோது நான் ஏசி அறையில் உட்கார்ந்திருந்தேன். மேம்பால இறக்கத்தில் இருந்தவர் அவர். அதற்குப் பிறகு, அந்தக் கேள்விக்குப் பதில் எழுதும் முன் வண்டியில் ஏறி ஒரு முறை உட்கார்ந்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

சரிசெய்த கதையைச் சுருக்கமாகவே சொல்லலாம். டெர்மினலைத் தங்கப் பூச்சுக்கு மாற்றினோம், இரண்டு பக்கமும். ஒரு பக்கம் தங்கம், மறுபக்கம் வெள்ளீயம் என்று செலவைக் குறைக்கப் பார்த்தால் தேய்மானம் இன்னும் மோசமாகும், இதில் பலர் ஏமாந்திருக்கிறார்கள். அதைவிட முக்கியமானதை ஹார்னஸ் அண்ணாதான் காட்டினார். வயரைக் கட்டியிருந்த கிளிப் கனெக்டரிலிருந்து ஒரு ஜாணுக்கு அப்பால் இருந்தது. நடுவில் தொங்கும் வயர் ஒவ்வொரு மேட்டிலும் ஊஞ்சல் போல ஆடி டெர்மினலை இழுத்திருக்கிறது. கிளிப்பைக் கனெக்டருக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, சிறிது வளைவு விட்டுக் கட்டினார். சில ரூபாய் வேலை.

இந்தத் துறைக்கு வரும் தம்பி தங்கைகள் அடிக்கடி என்னிடம் எந்த கோர்ஸ் படிக்கலாம் என்று கேட்கிறார்கள். சிமுலேஷன், கன்ட்ரோல் தியரி எல்லாம் அவசியம் படியுங்கள். அதோடு ஒரு மல்டிமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். காரின் கன்ட்ரோலர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் கேன் பஸ், போஷ் நிறுவனம் 1986இல் வெளியிட்டது, இன்றும் ஓடுகிறது. முறுக்கிய இரண்டு வயர், இரு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர். வண்டியை முழுதாக அணைத்து, பேட்டரியைக் கழற்றி, இரண்டு வயருக்கும் நடுவே அளந்தால் 60 ஓம் வர வேண்டும். 120 வந்தால் ஒரு முனை விட்டுப்போயிருக்கிறது. 40 வந்தால் யாரோ மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். ஒரு நிமிஷ வேலை. இதைச் செய்யாமல் இரண்டு நாள் மென்பொருளைப் புரட்டியவர்களை எனக்குத் தெரியும்.

கோளாறு வந்த வண்டியில் கை வைக்கும் முன் எழுதுங்கள்: என்ன தேதி, என்ன வெயில், எந்தச் சாலை, கடைசியாக யார் எதைத் தொட்டார். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதும் கோளாறு போய்விட்டால் சந்தோஷப்படாமல், மாற்றியதைப் பழையபடி வைத்து அது திரும்ப வருகிறதா என்று பாருங்கள். திரும்ப வரவழைக்க முடிந்தால்தான் காரணம் கையில் இருக்கிறது. நான் அந்த முதல் வாரத்தில் பழைய ஃபர்ம்வேரை ஒரு முறை திரும்ப ஏற்றியிருந்தால், அதிலும் நான்கு நாள் கோளாறு வராமல் இருந்திருக்கும். அன்றே தெரிந்திருக்கும். வயரிங் பார்ப்பவர், ஓட்டுபவர், வண்டியைக் கழுவுபவர் எல்லோரிடமும் கேளுங்கள். வண்டி எப்போது நனைந்தது என்று கழுவுபவருக்குத்தான் தெரியும்.

நிரலையும் மாற்றி எழுதினோம். மூல அளவீட்டிலேயே துண்டிப்பைப் பார்ப்பது, இயற்கைக்கு ஒவ்வாத வேகத்தில் மாறினால் அந்தச் சென்சாரை ஒதுக்கிவைப்பது, மற்ற ஏழைக் கேட்பது. பல சென்சாரில் சந்தேகம் வந்தால் அப்போதும் சார்ஜை நிறுத்தத்தான் வேண்டும், அதில் மாற்றமில்லை. ஆனால் சட்டென்று நிறுத்தாமல் மூன்று நொடியில் படிப்படியாகக் குறைத்து, ஓட்டுநருக்கு விளக்கு காட்டி நிறுத்துவது. உண்மையிலேயே பேட்டரி குளிர்ந்திருந்தாலும் அந்த மூன்று நொடியில் எந்தச் செல்லும் கெடாது. ஓட்டுபவருக்கோ அந்த மூன்று நொடி பெரிது.

ஜூலையில் சோதித்தோம். சென்சார் வயர்களின் நடுவே ஸ்விட்ச் வைத்த ஒரு பெட்டியைச் சேர்த்து, அதை மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்தேன். முன்னால் அதே ஓட்டுநர் அண்ணா. இன்று ஏதோ செய்யப்போகிறோம் என்று மட்டும் சொல்லியிருந்தோம், எப்போது, என்ன என்று சொல்லவில்லை. எங்கள் வளாகச் சோதனைப் பாதையின் சரிவில் அவர் காலை எடுத்ததும் வண்டி இழுத்துப் பிடித்தது. நான்கு வயரை ஒரே நேரத்தில் அறுத்தேன். வண்டியின் பிடி மெல்ல மெல்லத் தளர்ந்தது, அவர் கால் தானாகப் பிரேக் மேல் போய் நின்றது, சரிவு முடிந்தது. டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு.

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "மேடம், இப்ப ஏதோ பண்ணீங்கதானே?"